பல்செட்டும் வடக்கு மதகும்

"இன்னிக்கும் உறுத்துதா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"உறுத்துது டாக்டர்."

"எங்க?"

ரயில் டிரைவர் வாய்க்குள் விரலை விட்டு, மேலே, கீழே, இடது, வலது என்று ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, "பொதுவா" என்றார்.

பொதுவாக உறுத்தும் பல்செட்டுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் வைத்தியம் சொல்லப்படவில்லை. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பல்செட்டைக் கழற்றி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிரைவர் ரயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பல் பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. மேலும் கீழும் முழு செட்டு. டாக்டர் தன் கையாலேயே அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, பின்னறையில் உட்கார்ந்து செய்து கொடுத்தது. மற்ற டாக்டர்கள் இந்த வேலையை வெளியே கொடுத்து வாங்கிவிடுவார்கள். நம் டாக்டருக்கு அது மானப் பிரச்சினை. "நான் வெச்ச பல்லு, பொறக்கும்போதே வந்த மாதிரி இருக்கும்" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் செய்த செட்டு இப்போது மாதக்கணக்காக உறுத்துகிறது. வரும்போதெல்லாம் டாக்டர் ஏதாவது ஓரத்தில் கொஞ்சம் ராவி அனுப்புவார். ராவ ராவ டிரைவர் இன்னும் அடிக்கடி வந்தார். இன்றைக்குப் பார்த்தால் செட்டின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பசை. பல்செட்டு நழுவாமல் இருக்க மருந்துக்கடையில் ட்யூபில் விற்கிறார்களே, அந்தப் பசை.

டாக்டருக்குக் காதுமடல் வரை சூடேறியது. தன் கையால் செய்த செட்டுக்குப் பசை! டாக்டரும் டிரைவரும் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மனசு விடாதீங்க டாக்டர், நான் நாளைக்கும் வர்றேன்" என்று கடைசியில் டிரைவர்தான் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் ஒருவரோடு போயிருந்தால் பரவாயில்லை. எதிர்வரிசையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாளுக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் வைத்தியம் செய்து முடித்தாகிவிட்டது. அந்த அம்மாளும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்.

"வலிக்குதாம்மா?"

"வலின்னு சொல்ல முடியாது டாக்டர். ஆனா வலிக்காதுன்னும் சொல்ல முடியாது."

பல் அடைத்துக்கொண்டவர், பல் பிடுங்கிக்கொண்டவர் எல்லோரும் இப்படித் திரும்பி வந்தார்கள். தன் வைத்தியத்துக்காகத் திரும்பி வருகிறவர்களிடம் டாக்டர் கட்டணம் வாங்குவதில்லை. வெயிட்டிங் ரூமில் உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் 'கைராசிக்காரர்' என்றார்கள். உள்ளே டாக்டர் தன்னையே கேட்டுக்கொண்டார். செய்த வேலை சரியாக இருந்தால் எதற்காக இத்தனை பேர் திரும்பி வர வேண்டும்?

அதோடு அந்த முணுமுணுப்பு வேறு. கதவை மூடிக்கொண்டு மெஷினை ஓட்டும்போது வெளியே யாரோ ஒருவர் தொடர்ந்து பேசுவது கேட்கும். நடுநடுவே மற்றவர்கள், "ஐயையோ!" "அப்புறம்?" "பாவி, இப்படியா பண்ணுவான்?" என்பார்கள். டாக்டர் கதவைத் திறந்தால் எல்லோரும் கப்சிப்பென்று ஆகி, கூரையைப் பார்ப்பார்கள். அடுத்து யார் என்று கேட்டால், "நீங்க போங்க", "சேச்சே, நீங்க முதல்ல போங்க" என்று ஒருவரையொருவர் உள்ளே தள்ளுவார்கள்.

'நம்ம கையை நினைச்சாலே ஜனங்களுக்கு நடுங்குது' என்று முடிவுகட்டினார் டாக்டர். இரவில் படுத்தால் அந்தப் 'பாவி'தான் காதுக்குள் ஒலித்தது.

இதில், தெருவின் மறுபக்கத்தில் அவருடைய காலேஜ் ஜூனியர் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தான். கண்ணாடிக் கதவு, உள்ளே ஆளுயரத்துக்கு மீன்தொட்டி. டாக்டரின் வெயிட்டிங் ரூமில் இருந்ததெல்லாம் நாற்காலிகளும், ஒரு மர அலமாரியும், அதில் மூன்று தடித்த புத்தகங்களும்தான். அவையும் அவருடையவை அல்ல. மனைவியின் தங்கை வீடு மாற்றியபோது கொண்டுவந்து போட்டவை. ஒரே சரித்திர நாவல், மூன்று பாகம்.

"வீட்ல வைக்க இடமில்லங்க. இப்ப அச்சுலயே இல்லியாம். யாருக்கும் இரவல் மட்டும் குடுத்துடாதீங்க" என்றாள் மனைவி அப்போது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"இது கிளினிக்கா, வாசகசாலையா? ராஜா செத்துப் புல் முளைச்சாச்சு, இவங்க இன்னும் அவரைக் குதிரையை விட்டு இறக்க மாட்டேங்கறாங்க. வேலவெட்டி இல்லாதவன் எழுதறான், வேலவெட்டி இல்லாதவன் படிக்கறான்" என்றார் டாக்டர்.

அதோடு நிற்காமல் நர்ஸம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார். "டியூட்டி நேரத்துல யாராவது கதைப்புத்தகத்தைக் கையில எடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்." நர்ஸம்மா தலையை ஆட்டினார். அவர் இந்தக் கிளினிக் திறந்த நாளிலிருந்து இருப்பவர். டாக்டரின் கெட்ட கோபம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பசையைப் பார்த்த அன்று டாக்டர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். ராவுவது போதும். டிரைவருக்குப் புதிதாகவே ஒரு செட்டு செய்துவிடுவது. பின்னறையில் உட்கார்ந்து பழைய அளவிலிருந்து பிளாஸ்டரில் அச்சு ஊற்றினார். அது இறுகும்வரை மேலே கனமாக ஏதாவது வைத்து அழுத்த வேண்டும். வழக்கமாக வைக்கும் இரும்புக்கட்டியைக் காணோம். மதிய நேரம், வெயிட்டிங் ரூமில் யாரும் இல்லை. அலமாரியில் கண்ணில் பட்டது முதல் பாகம். செங்கல்லுக்குச் செங்கல், கனத்துக்குக் கனம்.

எடுத்துக்கொண்டு வரும்போது கைதவறிக் கீழே விழுந்து விரிந்துகொண்டது. குனிந்து எடுக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது.

எதிரிப் படை சூழ்ந்த ஒரு கோட்டை. உள்ளே குடிதண்ணீர் வருவது வடக்கு மதகு வழியாக மட்டும். எல்லோரும் உறங்கிவிட்டார்கள். முரசடிப்பவன் ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான். இருளில் யாரோ மதகுச் சங்கிலியைத் தொடுகிற ஓசை.

"யார்றா அது?" என்றார் டாக்டர், வாய்விட்டு.

யார் என்று அடுத்த பக்கத்தில் சொல்வார்கள் என்று திருப்பினார். அடுத்த பக்கத்தில் சொல்லவில்லை. அதற்கடுத்த பக்கத்திலும் சொல்லவில்லை. சாயங்காலம் நர்ஸம்மா வந்து கதவைத் தட்டியபோது பிளாஸ்டர் கிண்ணத்தோடு சேர்ந்து கல்லாகிப் போயிருந்தது. சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன டாக்டர் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தூசி."

அன்று வீட்டுக்குக் கிளம்பும்முன் இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, அச்சுகள் வைக்கும் அலமாரிக்குள் முதல் பாகத்தோடு சேர்த்து வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் பல்லைத் தவிர வேறெதையும் பிடுங்கியறியாத மனிதருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் நர்ஸம்மா தயங்கித் தயங்கி வந்தார். "டாக்டர், வெளிய இருந்த புத்தகமெல்லாம்..."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்போல டாக்டர் திடுக்கிட்டார். ராஜா கதையைக் கேலி செய்த வாயால், அதைப் படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்" என்றார்.

நர்ஸம்மா அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். மச்சினியின் புத்தகம் என்று வருத்தப்படுகிறார்போல என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து கூட்டம் குறைந்தது. தையல்கார அம்மாள் நின்றுபோனார். பல் அடைத்தவர்களும் பிடுங்கியவர்களும் நின்றுபோனார்கள். டிரைவர் ஒருமுறை வாசல்வரை வந்தார், நர்ஸம்மாவிடம் ஏதோ கேட்டார், முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்.

முதல் சில நாள் டாக்டருக்கு இது வரமாகத்தான் இருந்தது. வருகிற ஒன்றிரண்டு பேரை அவசர அவசரமாக அனுப்பிவிட்டுக் கோட்டைக்குள் நுழைந்துவிடுவார். அவரே அறியாமல் அவர் பேச்சு மாறிக்கொண்டிருந்தது. சொத்தைப் பல்லோடு வந்த ஒரு கடைக்காரரை நிமிர்ந்து பார்த்து, "வந்த காரியம் என்ன?" என்றார். இன்னொருவருக்குப் பல்லைப் பிடுங்கி இடுக்கியோடு தூக்கிப் பிடித்து, "ஒழிந்தான் துரோகி!" என்றார். துரோகியின் சொந்தக்காரர் வாயில் பஞ்சோடு பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

பிறகு ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தபோது வெயிட்டிங் ரூமில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் டாக்டருக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் குறை சொல்லவாவது வந்துகொண்டிருந்தார்கள். இப்போது குறை சொல்லவும் தகுதியில்லாதவன் என்று முடிவு செய்துவிட்டார்கள். கூட்டம் வந்தபோது ஒரு பயம், வராதபோது அதைவிடப் பெரிய பயம்.

"எல்லாருக்கும் போன் பண்ணுங்க. எந்தப் பல்லா இருந்தாலும் இலவசமாப் பார்க்கறேன்னு சொல்லுங்க" என்றார் நர்ஸம்மாவிடம்.

நர்ஸம்மா போன் செய்துவிட்டு வந்தார். "எல்லாருக்கும் பல்லு நல்லா இருக்காம் டாக்டர்."

"தையல்காரம்மாவுக்கு?"

"அவங்களுக்கு ரொம்ப நல்லா இருக்காம்."

போன மாதம் வரை வலியா வலியில்லையா என்று சொல்ல முடியாமல் தவித்த பல், டாக்டரிடம் வராமல் இருந்தவுடனே ரொம்ப நன்றாகிவிட்டது. இதைவிட ஒரு வைத்தியனுக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்?

எதிரில் மீன்தொட்டி இருக்கிறதே என்று இங்கே சுவரில் ஒரு டிவியை மாட்டினார். அதில் ஒரே சமையலும் சண்டையும். உண்மையிலேயே பல்வலியோடு வந்த இரண்டு பேர் அந்தச் சத்தம் தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு, மீன்களைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இருந்த மிச்ச மரியாதைக்கும் அடுத்த வாரம் ஆபத்து வந்தது. தபால்காரர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். படம் வரும் நேரத்துக்குள் ஒரு பக்கம் படித்துவிடலாம் என்று டாக்டர் பின்னறைக்குப் போனார். அந்தப் பக்கத்தில்தான் முரசடிப்பவனின் வயதான தாய், மகனுக்காக வைத்திருந்த கடைசிக் குவளைத் தண்ணீரை யாரோ ஒரு சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டுச் சாகிறாள்.

டாக்டர் திரும்பி வந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தபால்காரர் அதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர்... வீட்டுல சொல்லிடலாமா?"

"எதை?" என்றார் டாக்டர், மூக்கை உறிஞ்சியபடி.

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"நல்லவங்க எல்லாம் சீக்கிரம் போயிடறாங்க" என்றார் டாக்டர். அவர் இன்னும் கோட்டையை விட்டு வெளியே வரவில்லை.

தபால்காரர் எழுந்து ஓடினார். நேரே எதிர்க் கிளினிக்குக்கு ஓடி, ஜூனியரிடம் வாயைத் திறந்து காட்டினார். சொத்தைகூட இல்லை, ஈறில் கொஞ்சம் வீக்கம். தபால்காரர் தினம் ஊரெல்லாம் போகிறவர் அல்லவா? கடிதத்தோடு இந்தச் சேதியும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாப்பிடும்போது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, எக்ஸ்ரேயைப் பாத்து அழுதீங்களாமே? ஸ்கூல்ல பேசிக்கறாங்க."

"கண்ணு வேர்த்துது."

"உங்களுக்கு மனசுல ஏதாவது கஷ்டமா? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவள் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்தவள். அவர் அடித்த கேலியையெல்லாம் கேட்டவள். பேப்பர்காரனிடம் போட்டதாகச் சொன்ன பொய் தங்கை காதுக்குப் போனால் என்ன ஆகும்? டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "என் கை போயிடுச்சுடி" என்றார். "டிரைவருக்கு வெச்ச பல்செட்டு பசையில நிக்குது. வேற எந்த வேலையும் எனக்குத் தெரியாது."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சேதி கேட்டு ஜூனியர் வந்தான். நல்ல பையன். அதுதான் இன்னும் வலித்தது. "சார், நீங்க ரெஸ்ட் எடுங்க. இந்த இடத்தை நான் பாத்துக்கறேன். நடுவுல தெருதான், ரெண்டு கிளினிக்கையும் ஒண்ணாக்கிடலாம். உங்க பேரு போர்டுல அப்படியே இருக்கட்டும்."

இறந்தவர்களின் பெயரைக் கல்லில் விட்டுவைப்பதுபோல டாக்டருக்குத் தோன்றியது. ஆனாலும் சரி என்றார். துருப்பிடித்த கையை வைத்துக்கொண்டு ஜனங்களின் வாயில் விளையாடுவது பாவம். ஒரே ஒரு காரியம் மட்டும் பாக்கி இருந்தது. டிரைவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சாவி கைமாறும் நாளில் டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார். டிரைவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூனியர் பக்கத்தில் நின்றான். மனைவி விடுப்புப் போட்டுவிட்டு வந்து வாசலோரம் நின்றாள். டாக்டர் டிவியை அணைத்தார்.

"ஐயா, உங்க பல்செட்டை என்னால சரி பண்ண முடியல. என் வேலையிலதான் தப்பு. இந்தத் தம்பி உங்களுக்குப் புதுசா செஞ்சு குடுப்பார். இத்தனை நாள் அலைய வெச்சதுக்கு என்னை மன்னிச்சுடுங்க" என்று கைகூப்பினார்.

டிரைவர் நெளிந்தார். "அய்யோ, என்ன டாக்டர் இது, பெரிய வார்த்தையெல்லாம்..." என்று நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா தரையைப் பார்த்தார்.

ஜூனியர் டிரைவரின் வாயிலிருந்து செட்டைக் கழற்றி விளக்கடியில் பார்த்தான். புருவம் சுருங்கியது. "சார், அடுக்கு ரொம்ப அழகா இருக்கு. ஓரமெல்லாம்தான் ஏன் இவ்வளவு ராவியிருக்கு? முதல் அச்சு இருக்கா? பாத்தா தெரிஞ்சுடும்."

"அந்த அலமாரியில இருக்கு" என்று கைகாட்டினார் டாக்டர், துக்கத்தில் இருந்தவர் அதற்குள் வேறென்ன இருக்கிறது என்பதை மறந்துபோய். ஒப்படைப்பதற்காகச் சட்டைப்பைச் சாவியையும் சேர்த்து அவர் கோத்துக் கொடுத்த கொத்து ஏற்கெனவே நர்ஸம்மா கையில் இருந்தது.

அலமாரி திறந்தது. முன்வரிசையில் வெள்ளை வெளேரென்று பல் அச்சுகள் இளித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் மூன்று தடித்த புத்தகங்கள்.

"இருக்கு!" என்று கத்தினார் நர்ஸம்மா. கிளினிக் திறந்த நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

டாக்டருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கை போனது போதாதென்று மானமும் போயிற்று. "பேப்பர்காரன்கிட்ட போடல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். படிச்சேன். அன்னிக்கு எக்ஸ்ரேயைப் பாத்து அழல, அந்தக் கிழவி செத்ததுக்கு அழுதேன். இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி. முடிஞ்சுடுமேன்னு படிக்காம வெச்சிருக்கேன். ராஜா கதைன்னு கேலி பண்ணேன் இல்ல? இப்ப எனக்கு அது இல்லாம ஒருநாள் போக மாட்டேங்குது. போதுமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாது. ஜூனியர் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றான்.

பொக்கைவாயோடு உட்கார்ந்திருந்த டிரைவர் மெல்ல எழுந்தார். ஜூனியர் கையிலிருந்த செட்டை வாங்கினார். பையிலிருந்து ட்யூபை எடுத்துப் பசையைப் பிதுக்கித் தடவி, மேலும் கீழும் பொருத்தி, அழுத்தி, ஒருமுறை கடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு அலமாரிப் பக்கம் கையை நீட்டியபடி தெள்ளத்தெளிவாகச் சொன்னார்:

"பல்செட்டு மொத நாளே கச்சிதமா உக்காந்துடுச்சு டாக்டர், நீங்க ராவ ராவத்தான் பசை வாங்க வேண்டியதாச்சு, அது கெடக்கட்டும், மதகைத் திறந்தது யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வெளிய உக்காந்து நான் படிக்கப் படிக்கக் கேட்டவங்க அத்தனை பேரும் இன்னும் ரெண்டாம் பாகத்துலதான் இருக்கோம்."